நாம் எடுக்கும் படங்களை நம் ஊரார் பார்ப்பதற்கு என்ன செய்யலாம்?

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுத்து வருகிறேன். விடுமுறை நாள்களில் காலையில் பறவைகளைப் படமெடுக்க ஏரிக்கரைக்கும், மாலையில் நான் குடியிருக்கும் பகுதியின் தெருக்களுக்கும் கேமராவோடு போவது வழக்கம். எடுத்தவற்றுள் நானே திரும்பத் திரும்பப் பார்க்கும் அளவுக்குத் தேறியவை இருநூறு இருக்கலாம். அவற்றை இணையத்தில் இடுகிறேன்; முகம் தெரியாத பலர் விருப்பக்குறி இடுகிறார்கள்.

சென்ற மாதம் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இந்த இழையைத் தொடங்க வைத்தது. தெருமுனையில் மிதிவண்டி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரை ஓராண்டுக்கு முன் படமெடுத்தேன். சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, அது கோணலாக ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இணையத்தில் நான் இட்ட படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அவரோ சென்ற மாதம் என்னை நிறுத்தி, "அன்றைக்கு எடுத்தீர்களே, அந்தப் படம் வந்ததா?" என்று கேட்டார். கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். நல்ல வெயில். கண்ணாடி அணியாத நிலையில், திரையைக் கையால் மறைத்தும் தள்ளிப் பிடித்தும் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

தொழிலாக இதைச் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இந்த ஊரில் எடுத்த படங்களை இந்த ஊரார் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நாளுக்கு நாள் வளர்கிறது. கண்காட்சி வைப்பதா, போட்டிக்கு அனுப்புவதா, உள்ளூர் இதழ்களை அணுகுவதா? இதில் பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வெண்சமநிலை

நண்பருக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் புகைப்பட லேபில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது ஒரு பிரிண்ட். ஊராரிடம் போய்ச் சேர்வதற்குத் திரையைவிடத் தாள்தான் நல்ல வழி என்பது என் அனுபவம். தாளைச் சுவரில் மாட்டலாம், வருகிறவர்களிடம் காட்டலாம், காட்டும்போது எடுத்தவரின் பெயரும் சேர்ந்து வெளியே போகும்.

அச்சிடுவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000க்கு 4000 பிக்சல் படம், அந்தக் கணக்கில் 20 அங்குல நீளம் வரை தாராளமாகப் போகும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதாக இருந்தால் 200 பிக்சலே போதும்; அப்போது 30 அங்குலம் வரை போகலாம். ஆனால் லேபுக்கு வருகிறவர்களில் பலர் மூலக் கோப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, செயலி வழியாக ஒருவருக்கு அனுப்பிய படத்தைக் கொண்டுவருகிறார்கள். நீண்ட பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கிய படத்தை 300 கணக்கில் அச்சிட்டால் ஐந்தங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும். அதைப் பெரிதாக்கச் சொல்லிக் கேட்டு, முகம் குழைந்து வந்த பின் வருந்திப் பயனில்லை.

அடுத்து, தாளின் அளவு. பெரும்பாலான கேமராக்களின் படம் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்கும். ஏ3 தாள் 420க்கு 297 மில்லிமீட்டர். அதன் விகிதம் வேறு. தாள் நிறைய அச்சிடச் சொன்னால் நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு வெட்டுப்படும். நெருக்கிச் சட்டமிட்டு எடுத்த படங்களில் கால்விரலோ தலைமுடியோ போவது இதனால்தான். 12க்கு 18 அங்குலத் தாள் கேட்டால் படம் முழுமையாக வரும். தாளில் மேட் வகையைக் கேளுங்கள். பளபளக்கும் தாள் கையில் அழகாகத் தெரிந்தாலும், சுவரில் விளக்கொளி பட்டுப் பாதிப் படத்தை விழுங்கிவிடும்.

இன்னொன்று: திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தாதீர்கள். "பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது" என்ற முறையீடுகளில் பெரும்பகுதிக்கு அதுவே காரணம். முதலில் சிறிய அளவில் ஒன்றே ஒன்று அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியான பிறகு பெரியதைக் கொடுங்கள்.

நூலடுக்கு

நான் ஒரு பொது நூலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் வாசிப்பறைச் சுவரில் படங்களை வைக்கலாமா என்று கேட்டு அவ்வப்போது சிலர் வருவதால், மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளின் பார்வையைச் சொல்கிறேன்.

பெரும்பாலோர் கைப்பேசியை நீட்டி, "ஐந்நூறு படங்கள் இருக்கின்றன, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் எங்களால் எதுவும் முடிவு செய்ய முடியாது. சூரிய மறைவு ஒன்று, பூ ஒன்று, பூனை ஒன்று என்று கலந்து வைத்தால், பார்ப்பவருக்கும் நின்று பார்க்கக் காரணம் கிடைக்காது. மாறாக, ஒருமுறை ஒரு பெண்மணி ஒரு கோப்புறையில் பன்னிரண்டு சிறிய பிரிண்ட்டுகளோடு வந்தார். பன்னிரண்டும் ஒரே பழைய பாலத்தைப் பற்றியவை: விடியலில் கடப்பவர்கள், மழையில் அதன் அடியில் ஒதுங்கியவர்கள், இடிக்கப்படுவதற்கு முந்தைய வாரத்தில் அதன் கைப்பிடிச் சுவர். எந்தச் சுவர், எத்தனை நாள், எப்படி மாட்டுவது, ஆணி அடிக்காமல் இருக்க என்ன செய்வது என்றெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். பத்து நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கண்காட்சியில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். நாளிதழ் படிக்க நாள்தோறும் வரும் முதியவர் ஒருவர், யாரிடமும் பேசாதவர், நான்காவது படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்து, அதில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் யார், அவர் எங்கே வேலை செய்தார், அந்த வண்டியின் மணி ஏன் அப்படித் தொங்குகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுநாள் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார். நாங்கள் விளம்பரமாக ஒட்டியது வாயிலில் ஒரே ஒரு தாள்தான். மற்றக் கூட்டம் முழுவதும் இப்படி ஒருவர் மற்றொருவரை அழைத்து வந்ததால் சேர்ந்தது.

படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவர்களுக்கு ஏந்தாக இருக்கும். உட்கார்ந்து பார்ப்பவர்கள் மிகுந்த அறையென்றால் சற்றே தாழ்த்துங்கள். விளக்க அட்டையின் எழுத்து 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம். அதில் லென்ஸ், ஷட்டர் வேகம் முதலியவற்றை எழுதுவதைவிட, எங்கே, எப்போது, யார் என்று எழுதுங்கள். அருகில் ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் கட்டி வையுங்கள். அதில் எழுதப்படுபவைதான் உங்கள் அடுத்த கண்காட்சிக்கு உதவும்.

எதிரொளி

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கையை இங்கேயே பதிவு செய்ய விரும்புகிறேன். "உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும்" என்ற சொல்லை நம்பிப் படங்களைக் கொடுத்துவிட்டு, பின்னர் வருந்திய பலரை நான் அறிவேன். எனக்கே நடந்தது. ஓர் அமைப்பு நடத்திய போட்டிக்கு மூன்று படங்கள் அனுப்பினேன். பரிசு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவற்றுள் ஒன்று அவர்களுடைய நாட்காட்டியில் என் பெயரில்லாமல் வந்தது. கேட்டபோது விதிமுறைகளின் கடைசிப் பத்தியைக் காட்டினார்கள்: அனுப்பப்படும் எல்லாப் படங்களையும், பரிசு பெறாவிட்டாலும், எக்காலத்துக்கும் எந்த வகையிலும் பயன்படுத்தும் உரிமையைப் பங்கேற்பவர் வழங்குகிறார் என்று அதில் இருந்தது. நான் படிக்காமல் ஒப்புதல் கொடுத்திருந்தேன்.

ஆகவே போட்டிக்கு அனுப்புமுன், பரிசு பெற்ற படங்களுக்கு மட்டும் உரிமை கேட்கிறார்களா, அனுப்பும் எல்லாவற்றுக்கும் கேட்கிறார்களா, எத்தனை காலத்துக்கு, பெயர் போடுவார்களா என்ற நான்கையும் பாருங்கள். அதுபோலவே, வணிக நிறுவனம் எதுவும் தன் சுவரை அலங்கரிக்க இலவசமாகப் பிரிண்ட் கேட்டால், அச்சுக்கும் பிரேமுக்கும் ஆகும் செலவையாவது அவர்களையே ஏற்கச் சொல்லுங்கள். நாம் பொழுதுபோக்காக எடுப்பவர்கள் என்பதால் நம் படங்களுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. நாம் வாரி வழங்குவது, இதையே நம்பிப் பிழைக்கும் உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர்களின் வயிற்றில் அடிப்பதாகவும் முடியலாம்.

அகலத்திறப்பு

எதிரொளி அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனத்துக்குக் கொடுப்பதும், படத்தில் இருக்கும் மனிதருக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தானம் என்றே நான் எண்ணுவதில்லை. அவருடைய முகத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அதில் ஒரு பிரதி அவருக்குச் சேர வேண்டியது.

மில்டன் ரோகோவின் என்ற அமெரிக்கரைப் பற்றி இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். பஃபலோ நகரில் கண் பரிசோதகராகத் தொழில் செய்தவர். தம் தொழிலிடத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்த எளிய மக்களின் குடியிருப்புப் பகுதியை 1972-இல் படமெடுக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் அவரை ஐயத்தோடு பார்த்தவர்களும் உண்டு. எடுத்த படத்தின் பிரதியை அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததால் கதவுகள் திறந்தன. 1984-இலும் 1992-இலும் அதே குடும்பங்களைத் தேடிப் போய் மீண்டும் எடுத்தார். முதல் படத்தில் மடியில் இருந்த குழந்தை பின்னர் தன் குழந்தையோடு நின்றது. அவருடைய நெகட்டிவ்களை 1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. சில தெருக்களுக்குள்ளேயே பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனதற்கும் அந்த மதிப்பில் பங்கு உண்டு. கரையோரன் அவர்களே, உங்கள் எட்டு ஆண்டுகளையும் அப்படியே பாருங்கள். முதலாம் ஆண்டில் எடுத்த அதே இடத்தை, அதே மனிதரை, இப்போது மீண்டும் எடுத்து அருகருகே வைத்தால், ஊரார் தாங்களாகவே நின்று பார்ப்பார்கள்.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு சொல். தெருவில் எடுப்பதைச் சட்டம் பல நாடுகளில் அனுமதிக்கலாம். ஆனால் படத்தில் இருப்பவர் நாள்தோறும் கடக்கும் சுவரில் அவர் முகத்தை மாட்டுவது வேறு செய்தி. மாட்டுவதற்கு முன் அவரிடம் பிரிண்டைக் காட்டிக் கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோர் "சரி" என்று சொன்னால் ஒழிய வைக்கவே வேண்டாம். வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது எவ்வளவு சிறந்த படமாக இருந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள். உலகம் முழுவதும் இருக்கும் அந்நியர்களுக்குக் காட்டும்போது மறைந்துபோகும் இந்தப் பொறுப்பு, உள்ளூரில் காட்டும்போது நம் எதிரிலேயே வந்து நிற்கும். உள்ளூரில் காட்டுவதன் அருமையே அதில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கூட்டுப்புழு

ஏரிக்கரைப் பறவைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடு கட்டும் பருவத்தில் எடுத்த படங்களை உள்ளூரில் காட்டும்போது கூடு இருக்கும் இடத்தைச் சொல்லாதீர்கள். கோப்பாகப் பகிர்ந்தால் அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை முதலில் நீக்கிவிடுங்கள். பார்க்க ஆசைப்பட்டு நாலு பேர் நெருங்கினாலே தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடக் கூடும்.

கரையோரன்

எல்லோருக்கும் நன்றி. முதல் முயற்சியில் சறுக்கியதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெண்சமநிலை அவர்களின் பதிலைப் படித்த வாரமே அவசரப்பட்டு ஆறு படங்களை அச்சிட்டேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் இடம் கிடைத்தது. அவர்கள் காட்டிய சுவருக்கு எதிரே பெரிய சன்னல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிரேமில் மவுண்ட் அட்டை இல்லாமல் கண்ணாடியோடு ஒட்டிப் படத்தை வைத்திருந்தேன். காலை முழுவதும் கண்ணாடியில் சன்னல்தான் தெரிந்தது, படம் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துக் கழற்றியபோது, ஈரப்பதத்தால் இரண்டு பிரிண்ட்டுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தபோது மேல்பூச்சு உரிந்து வந்துவிட்டது. விளக்க அட்டையும் வைக்கவில்லை. யார் எடுத்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

வெண்சமநிலை

நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போனது. கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி கட்டாயம் வேண்டும். நடுவில் சாளரம் வெட்டிய மவுண்ட் அட்டை அதற்காகத்தான்; அழகுக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அமிலமில்லாத அட்டையாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஓரம் மஞ்சளாகும். நேர்வெயில் படும் சுவரில் எந்தத் தாளும் நிறம் மங்கும். இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் காலையிலும் மாலையிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காப்புவட்டு

சுவரைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது விக்கிமீடியா பொதுவகம். 2004-இல் தொடங்கப்பட்ட இந்தக் கட்டற்ற படக் களஞ்சியத்திலிருந்துதான் விக்கிப்பீடியாவின் பல மொழிப் பதிப்புகள் படங்களை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பகுதியைப் பற்றிய கட்டுரையைத் திறந்து பாருங்கள்; படமே இல்லாமலோ மங்கலான ஒன்றோடோ இருக்கலாம். தெளிவான ஒரு படத்தைச் சேர்த்தால், தன் ஊரைப் பற்றித் தேடும் பள்ளி மாணவர் முதல் இதழாளர் வரை அதைத்தான் பார்ப்பார்கள். நினைவுச் சின்னங்களுக்கென்று 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய விக்கி போட்டியும் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்: அங்கே இடும் படத்தை வணிக நோக்கம் உட்பட எதற்கும் யாரும் பயன்படுத்தலாம், பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளை மட்டுமே நீங்கள் வைக்கலாம், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. எனவே மனிதர்களின் முகங்களை அங்கே இடாமல், கட்டடம், தெரு, நீர்நிலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, உள்ளூர் ஆவணக் காப்பகம் அல்லது வரலாற்று ஆர்வலர் குழு. பிரான்சு நாட்டின் ஓஷேன் அட்ஜே தொழில்முறைப் புகைப்படக்காரர்தான். ஆனால் மறைந்துகொண்டிருந்த பழைய பாரிசின் கடைமுகப்புகளையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் பல்லாண்டுகள் எடுத்து, அந்நகரின் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் விற்றார். அவர் வாழ்ந்த காலத்தில் அவை பெரும்பாலும் ஆவணங்களாகவே பார்க்கப்பட்டன. இடமும் நாளும் குறித்த எளிய தெருப் படம் ஒன்று காப்பகத்தில் பெறும் மதிப்பு, தேதியில்லாத அழகிய சூரிய மறைவுக்குக் கிடைக்காது. எனவே கோப்பின் பெயரிலேயே இடத்தையும் நாளையும் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

எதிரொளி

காப்புவட்டு அவர்கள் உரிமத்தின் மறுபக்கத்தையும் சேர்த்தே சொன்னது நன்று. படத்தில் இருப்பவருக்குப் பிரதி கொடுப்பதைப் பற்றி அகலத்திறப்பு அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் கூறியது நிறுவனங்களைப் பற்றி மட்டுமே. உள்ளூர் இதழுக்குப் படம் அனுப்பும்போதும் பெயர் போட வேண்டும் என்பதை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வெளிவந்த பிறகு கேட்பது கடினம்.

கரையோரன்

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மீண்டும் எழுதுகிறேன். நூலடுக்கு அவர்கள் சொன்ன முறையில், எங்கள் பகுதி நூலகத்துக்குப் பதினான்கு சிறிய பிரிண்ட்டுகளோடும் ஒரு பக்கக் குறிப்போடும் போனேன். கைத்தொழில் செய்பவர்களின் கைகள் மட்டும் என்று பொருளைச் சுருக்கிக்கொண்டேன்: செருப்புத் தைப்பவர், தையற்காரர், பூட்டுச் சாவி செய்பவர், மிதிவண்டிப் பெரியவர். பறவைகளை இம்முறை விட்டுவிட்டேன். மனத்துக்குக் கடினமாகத்தான் இருந்தது. பதினான்கு பேரிடமும் பிரிண்டைக் காட்டிக் கேட்டதில் ஒருவர் வேண்டாம் என்றார். பதின்மூன்று படங்கள் பத்து நாள் சுவரில் இருந்தன.

குறிப்பேட்டில் நாற்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் கிடைத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனால் அவர்களில் பாதிப்பேருக்கு மேல் யாரென்று எனக்குத் தெரியும். தையற்காரரின் மகள், "அப்பாவின் விரலில் இந்தத் தழும்பு இருப்பதை இன்றுதான் பார்த்தேன்" என்று எழுதியிருந்தாள்.

மிதிவண்டிப் பெரியவர் கடைசி நாளன்று, இம்முறை கண்ணாடி அணிந்து வந்தார். தம் படத்தின் முன் நின்றவர், சக்கரத்தின் எந்தக் கம்பி தளர்ந்திருந்தது என்று தொட்டுக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அஞ்சலட்டை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதே தெருமுனையில், அரைக்காற்சட்டை அணிந்த சிறுவன் ஒருவன் தன்னைவிட உயரமான மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதையும் பக்கத்தில் மாட்ட முடியுமா என்று கேட்டார்.

அடுத்த கண்காட்சியில் இரண்டையும் ஒரே பிரேமில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மூலைகள் மடிந்திருக்கின்றன, நடுவில் ஒரு கீறல் உண்டு. இதை எந்த அடர்த்தியில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வெண்சமநிலை அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்சமநிலை

இரு மடங்கு பெரிதாக்குவதென்றால் அங்குலத்துக்கு 600 பிக்சல் போதும். நான்கு மடங்கென்றால் 1200 வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். கறைகளைப் பிரித்து நீக்க அது உதவும். மடிந்த மூலையை நீங்களாக நிமிர்த்தாதீர்கள். தூசியை மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். கீறலை நீக்கிய கோப்பைத் தனியாகவும், நீக்காத மூலத்தைத் தனியாகவும் சேமித்துவிட்டு, அசல் படத்தை அன்றே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.